ஒரே தெருவை எத்தனை தடவை தோண்டுவது? எடின்பரோ டிராம் பற்றிச் சில குறிப்புகள்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் டிராம் பாதை போட ஏழு வருஷம் ஆனது. அது ஏன் அவ்வளவு இழுத்தது என்று விசாரிக்க ஒன்பது வருஷம் ஆனது. 2007 ஜூலையில் தெருவைத் தோண்ட ஆரம்பித்தார்கள், 2014 மே 31 அன்று முதல் வண்டி ஓடியது. அடுத்த மாதமே விசாரணை அறிவிக்கப்பட்டு, ஹார்டி பிரபு என்ற ஓய்வுபெற்ற நீதிபதியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய அறிக்கை வெளிவந்தது 2023 செப்டம்பரில். விசாரணைக்கு மட்டும் ஆன செலவு சுமார் 1.3 கோடி பவுண்டு. இதைச் சொன்னால் நம்ம ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். "அங்கேயுமா?" என்று ஒரு சின்ன திருப்தி கூட வரும். எனக்கும் வந்தது, மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அறிக்கையை உட்கார்ந்து படிக்கப் படிக்க (முழுசும் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், பல நூறு பக்கம்) அந்தச் சிரிப்பு போய்விட்டது. இந்தத் திட்டத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் இரண்டு கதைகளுமே அரைகுறை என்று தோன்றியது. ஒரு கதை, டிராம் என்பதே வெட்டிச் செலவு, பஸ் போதாதா என்பது. இன்னொன்று, எல்லாம் ஒப்பந்தக்காரர்களின் பேராசை என்பது. இரண்டுமே தெருவைப் பார்க்கவில்லை.

தெருவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2009 செப்டம்பரில் ஒரு வருஷப் படிப்புக்காக நான் அங்கே போய் இறங்கினபோது, பிரின்சஸ் தெருதான் ஊரின் முகம் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். வடக்குப் பக்கம் முழுக்கக் கடைகள். தெற்குப் பக்கம் கடையே கிடையாது, பள்ளத்தில் பூங்கா, அதற்கு மேலே பாறையில் கோட்டை. ஒரு பக்கக் கட்டடங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஊரின் பிரதான வீதி இருக்க முடியும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. ஆனால் நான் பார்த்த பிரின்சஸ் தெருவில் பஸ்ஸே இல்லை. நடுவில் கம்பி வேலி, வேலிக்குள் பள்ளம், கான்கிரீட். பஸ் எல்லாம் பக்கத்து ஜார்ஜ் தெரு வழியாகத் திருப்பிவிடப்பட்டிருந்தன. அந்த வருஷம் நவம்பர் கடைசியில் தெருவைத் திறந்தார்கள், தண்டவாளம் பளபளவென்று இருந்தது. அதன்மேல் வண்டி ஓடுவதை நான் பார்க்கவில்லை. படிப்பு முடிந்து ஊர் திரும்பி, 2011-ல் செய்தி படிக்கிறேன்: தண்டவாளத்தை ஒட்டின சாலைப்பரப்பு வெடித்துப்போனதால் பிரின்சஸ் தெருவை மறுபடியும் மூடுகிறார்கள். ஒரு பயணிகூட ஏறாத தண்டவாளத்துக்கு மராமத்து!

டிராம் என்றால் ரோட்டின் மேல் இரண்டு இரும்புக் கம்பி, அதற்கு மேல் ஒரு மின்கம்பி, அவ்வளவுதான் என்று நாம் நினைக்கிறோம். பணம் போகிற இடம் அது இல்லை. தண்டவாளத்தைக் கெட்டியான கான்கிரீட் பலகையில் புதைக்க வேண்டும். அந்தப் பலகைக்கு அடியில் தண்ணீர்க் குழாயோ எரிவாயுக் குழாயோ இருந்தால், நாளைக்கு அது ஒழுகும்போது டிராமை நிறுத்திப் பலகையை உடைக்க வேண்டிவரும். தண்டவாளம் வழியாகத் திரும்பும் மின்சாரம் மண்ணில் கசிந்தால் பக்கத்திலுள்ள இரும்புக் குழாய்களை மெல்ல அரிக்கும், அதையும் தடுக்க வேண்டும். ஆகவே முதல் வேலை, பாதைக்கு அடியிலுள்ள எல்லாவற்றையும் ஓரத்துக்கு நகர்த்துவது. தண்ணீர், எரிவாயு, கழிவுநீர், மின்சாரம், தொலைபேசி, இன்டர்நெட். ஒவ்வொன்றுக்கும் ஒரு முதலாளி, ஒவ்வொருவரிடமும் ஒரு வரைபடம். எந்த வரைபடமும் மண்ணோடு ஒத்துப்போவதில்லை.

எடின்பரோவின் நியூ டவுன் என்பது 1767-ல் திட்டமிட்ட பகுதி. பேர்தான் புதுசு. அதற்குக் கீழே இருநூற்றைம்பது வருஷக் குழாய்களும், நடைபாதைக்கு அடியில் நீளும் பழைய நிலவறைகளும் கிடக்கின்றன. எத்தனை நீளத்துக்குக் குழாய்களை நகர்த்த வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டார்களோ, கடைசியில் அது ஏறக்குறைய இரட்டிப்பானது.

இது வெறும் துரதிர்ஷ்டம் என்றால் நான் இதை எழுதவே மாட்டேன். பழைய ஊரைத் தோண்டினால் எதிர்பாராதது வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. கேள்வி, அந்த எதிர்பாராததுக்கு யார் காசு கொடுப்பது என்பது. அதைக் காகிதத்தில் எப்படி எழுதினார்கள் என்று பார்த்தால்தான் கதை புரியும்.

திட்டத்தை நடத்த நகர மன்றம் 2002-ல் 'டை' என்ற தனி நிறுவனத்தை வைத்தது. நிறுவனம் மன்றத்துக்கே சொந்தம், ஆனால் கொஞ்சம் தள்ளி நிற்கும். முதலில் மூன்று பாதைகள் போடுவதாக இருந்தது. நகருக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம் வாங்கி அந்தப் பணத்தையும் போக்குவரத்துக்குச் செலவழிக்கலாம் என்றார்கள். 2005 பிப்ரவரியில் அதற்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது, சுமார் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். தென்கிழக்குப் பாதை அதோடு போச்சு. 2007-ல் ஆட்சிக்கு வந்த ஸ்காட்லாந்து தேசியக் கட்சி, டிராம் திட்டத்தையே ரத்து செய்யப் பார்த்தது. அவர்களுக்குப் பெரும்பான்மை இல்லை, மற்ற கட்சிகள் சேர்ந்து பாராளுமன்றத்தில் திட்டத்தைக் காப்பாற்றிவிட்டன. உடனே அரசு என்ன செய்தது? ஐம்பது கோடி பவுண்டு தருகிறோம், அதற்கு மேல் ஒரு பென்னி கிடையாது என்றது. கூடவே, பெரிய திட்டங்களை நடத்திப் பழகிய தன் போக்குவரத்துத் துறையை மேற்பார்வைப் பொறுப்பிலிருந்து பின்வாங்க வைத்தது. பணம் என்னுடையது, கண் மட்டும் என்னுடையது இல்லை! ஹார்டி அறிக்கை இந்த முடிவைக் கடுமையாகச் சொல்கிறது. அப்போதைய நிதியமைச்சர் ஜான் ஸ்வினிக்கு அது பிடிக்கவில்லை. அறிக்கை வந்த மறு வருஷம் அவரே முதலமைச்சரானார் என்பது வேறு கதை.

நகர மன்றத்தின் பங்கு 4.5 கோடி. ஆக மொத்தம் 54.5 கோடி பவுண்டு. 2008 மே மாதம் பில்ஃபிங்கர் பெர்கர், சீமென்ஸ் கூட்டணியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. விலையில் பெரும்பகுதி நிலையானது, ஏறாது என்று கவுன்சிலர்களுக்குச் சொல்லப்பட்டது.

ஏறாத விலை எப்படி ஏறியது? ஒப்பந்தத்தின் நான்காவது இணைப்பில் ஒரு பட்டியல் இருந்தது. இந்த விலை பின்வரும் அனுமானங்களின் பேரில் என்று. வரைபடங்கள் இப்போதுள்ளபடியே பெரிதாக மாறாது. குழாய் நகர்த்தும் வேலை நேரத்துக்கு முடிந்திருக்கும். இப்படி ஒவ்வொன்றாக. அனுமானம் பொய்த்தால் ஒப்பந்தக்காரர் அறிவிப்பு கொடுப்பார், கூடுதல் காசு. கையெழுத்துப் போட்ட நாளிலேயே வரைபடங்கள் முடியவில்லை, குழாய் வேலையும் முடியவில்லை. அதாவது அந்த அனுமானங்களில் சில, மை காய்வதற்கு முன்பே பொய். வீடு கட்டித் தரும் மேஸ்திரி "மொத்தம் இவ்வளவுதான் சார்" என்று சொல்லிவிட்டு, அடியில் சின்ன எழுத்தில் "பாறை வராமல் இருந்தால், மழை பெய்யாமல் இருந்தால், நீங்க பிளான் மாத்தாம இருந்தால்" என்று எழுதித் தருவது போல. மேஸ்திரியை மட்டும் திட்டி என்ன பயன்? அதைப் படித்துவிட்டு (அல்லது படிக்காமல்) கையெழுத்துப் போட்டவர் யார், "ஃபிக்ஸட் ரேட்தான்" என்று வீட்டில் போய்ச் சொன்னவர் யார்?

2009 பிப்ரவரியில் பிரின்சஸ் தெருவைப் போக்குவரத்துக்கு மூடினார்கள். மூடின பிறகு ஒப்பந்தக்காரர் வேலையை ஆரம்பிக்க மறுத்துவிட்டார், கூடுதல் பணத்துக்கு உறுதி கொடு என்று. ஊரின் பிரதான வீதி காலியாக, மூடிக் கிடக்கிறது, உள்ளே ஆள் இல்லை. சில வாரங்கள் கழித்து, அந்தத் தெருவுக்கு மட்டும் ஆன செலவைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்று தனி உடன்பாடு போட்டபின்தான் வேலை தொடங்கியது. நான் பார்த்த வேலிகள் அந்த உடன்பாட்டின் வேலிகள். பிரதான வீதியில் வேலை செய்வதன் தனிச் சங்கடம் இதுதான். தெருவை மூடின நிமிஷத்திலிருந்து பேரம் பேசும் பலம் உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குள் திறக்க வேண்டும், கடைக்காரர்கள் கத்துகிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன. ஒதுக்குப்புறத்தில் ஆறு மாசம் வேலை நின்றாலும் யாருக்கும் தெரியாது.

அதன்பின் தகராறு மேல் தகராறு. முக்கியமான சில தீர்ப்புகள் ஒப்பந்தக்காரர் பக்கமே போயின. 2011 மார்ச்சில் ஒரு ஹோட்டலில் எல்லாரையும் உட்காரவைத்துச் சமரசம் பேசினார்கள். 'டை' கலைக்கப்பட்டது. நிறுத்தினாலும் ஏறத்தாழ முடிப்பதற்கு ஆகிற அளவுக்கே செலவாகும் என்ற நிலைமை. அந்த ஆகஸ்டில் நகர மன்றம் ஒரு முடிவு எடுத்தது பாருங்க: டிராம் ஹேமார்க்கெட் நிலையத்தோடு நிற்கட்டும். அதாவது நகரின் மேற்கு ஓரத்தில். இரண்டு தடவை தோண்டின பிரின்சஸ் தெருவுக்கு வண்டி வராது! மீதிப் பணமான 7.2 கோடியைத் தரமாட்டோம் என்று அரசு சொன்னதும், ஒரே வாரத்தில் முடிவைத் திரும்ப மாற்றிக்கொண்டார்கள். கடைசியில் விமான நிலையத்திலிருந்து யார்க் பிளேஸ் வரை 14 கிலோமீட்டர், 77.6 கோடி பவுண்டு. கடன் வட்டி தனி.

இதுவரை சொன்னது பலரும் எழுதியதுதான். எனக்கு உறுத்துவது வேறு. திட்டத்தை வெட்டினபோது எந்தப் பாதியை வெட்டினார்கள்?

வெட்டுப்பட்டது லீத். துறைமுகப் பகுதி, ஸ்காட்லாந்திலேயே ஜனநெருக்கம் மிகுந்த இடங்களில் ஒன்று. நகரத்திலிருந்து அங்கே இறங்குகிற நீளமான வீதி லீத் வாக். நான் தங்கியிருந்த அறை அதிலிருந்து பிரிகிற ஒரு சந்தில். 22-ஆம் நம்பர் பஸ் அந்த வழியாகத்தான் போகும், காலையில் உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். டிராம் தேவைப்பட்ட தெரு எது என்று கேட்டால் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் குழந்தைகூட இதைத்தான் காட்டும். ஆனால் கட்டி முடித்தது விமான நிலையப் பக்கம். அதில் பெரும்பகுதி ரயில் பாதையை ஒட்டியும் வெட்டவெளியிலும் போகிறது. தெருவில் ஓடுவது ஹேமார்க்கெட்டுக்குக் கிழக்கே மட்டும். விமான நிலையத்துக்கு ஏற்கனவே நல்ல பஸ் இருந்தது.

லீத் வாக் தோண்டப்படாமலாவது தப்பியதா என்றால், அதுவும் இல்லை. 2007 முதல் குழாய் நகர்த்துகிறோம் என்று தோண்டினார்கள். நான் இருந்த வருஷத்திலும் அங்கங்கே வேலிகள், குறுகிய நடைபாதை. பிறகு டிராம் வராது என்று தெரிந்ததும் மூடினார்கள். கெட்டுப்போன சாலையைச் சீர்படுத்த அடுத்த சில வருஷங்களில் இன்னொரு வேலை. அப்புறம் 2019 கடைசியில், இப்போது நிஜமாகவே டிராம் வருகிறது என்று மறுபடியும். பிரின்சஸ் தெருக் கடைகள் பெரும்பாலும் பெரிய கம்பெனிகளின் கிளைகள், இரண்டு வருஷ நஷ்டம் தாங்கும். லீத் வாக்கில் இருப்பவை மளிகைக் கடை, முடிதிருத்தகம், சின்னச் சாப்பாட்டுக் கடை. தொல்லை முழுசும் அவர்களுக்கு, வண்டி மட்டும் பதினாறு வருஷம் கழித்து.

லீத்துக்கு இது முதல் தடவையும் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் லீத் தனி ஊர், தனி நகராட்சி. எடின்பரோ தன் பிரதான வீதிகளில் கேபிள் டிராம் ஓட்டியது. தெருவுக்கு அடியில் ஓயாமல் ஓடும் கம்பிவடத்தை, தரையிலுள்ள பிளவு வழியே வண்டி கவ்விக்கொண்டு போகும். 1899-ல், உலகம் மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருந்த சமயத்தில், இவர்கள் பிரின்சஸ் தெருவில் இதைப் போட்டார்கள். லீத் 1905-ல் நேராக மின்சார டிராமுக்குப் போய்விட்டது. விளைவு, லீத் வாக்கின் நடுவில், இரண்டு ஊர் எல்லையான பில்ரிக்கில், எல்லாரும் ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டும். மழையோ குளிரோ. 'பில்ரிக் குழப்பம்' என்றே அதற்குப் பேர் வந்தது. 1920-ல் லீத் எடின்பரோவோடு இணைக்கப்பட்டது. லீத் மக்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இணைப்புக்கு எதிராக 26,810 பேர், ஆதரவாக 4,340 பேர். அப்படியும் இணைத்தார்கள். இணைப்பால் கிடைத்த ஒரு லாபம், 1922-ல் எடின்பரோ மின்சாரத்துக்கு மாறி, இறங்கி ஏறாமல் நேராகப் போக முடிந்தது. 1956 நவம்பரில் டிராம் எல்லாமே நின்றுபோனது. 2014-ல் திரும்பி வந்த டிராம், பில்ரிக்கைக்கூட எட்டாமல் யார்க் பிளேஸில் நின்றுகொண்டது.

27 வண்டிகள் வாங்கியிருந்தார்கள், ஒவ்வொன்றும் சுமார் 43 மீட்டர் நீளம். லீத் வரை ஓடும் முழுப் பாதைக்கான கணக்கு அது. பாதை சுருங்கியதும் வண்டி மிஞ்சிவிட்டது, லண்டனின் தெற்கே க்ராய்டனுக்கு வாடகைக்கு விடலாமா என்று பார்த்தார்கள். அதுவும் நடக்கவில்லை.

இப்போது இரண்டாம் பாகம். யார்க் பிளேஸிலிருந்து லீத் வழியாக நியூஹேவன் வரை 4.7 கிலோமீட்டர் நீட்டிப்பு, 2023 ஜூன் 7-ல் திறந்தது. செலவு 20.7 கோடி பவுண்டு, சொன்ன தொகைக்குள். நடுவில் கொரோனா வந்தும். இதை எல்லாரும் வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள். வெற்றிதான், ஆனால் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் போடணும். கிலோமீட்டருக்கு முதல் பாதை 5.5 கோடி, இரண்டாவது 4.4 கோடி. வித்தியாசம் நாம் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை. முதல் தொகையில் வண்டிகளும் பணிமனையும் அடக்கம், இரண்டாவதுக்கு அவை தயாராக நின்றன. லீத் வாக்கின் குழாய்களில் ஒரு பகுதி பழைய தோண்டலிலேயே நகர்ந்துவிட்டது. மறுபக்கம், இரண்டாவது பாதை முழுக்க நெரிசலான தெருவில், விலைவாசியும் ஏறியபின். ஆகவே "அப்போ முட்டாள்கள், இப்போ கெட்டிக்காரர்கள்" என்ற தீர்ப்பை இந்த இரண்டு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

நிஜமான மாற்றம் வேலை செய்த விதத்தில் இருந்தது. முதல் தடவை குழாய்க்கு ஒரு ஒப்பந்தக்காரர் வந்து தோண்டி மூடினார், பிறகு தண்டவாளத்துக்கு இன்னொருவர் வந்து அதே இடத்தைத் தோண்டினார். இரண்டாம் தடவை 'ஒரே தோண்டல்' என்றார்கள். ஒரு நீளத்தை மூடு, குழாய், தொல்லியல், தண்டவாளம் எல்லாம் அங்கேயே முடி, திற. கான்ஸ்டிட்யூஷன் தெருவில் தெற்கு லீத் தேவாலயத்தை ஒட்டித் தோண்டியபோது முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன, சில பதினான்காம் நூற்றாண்டு வரை பழையவை. பழைய இடுகாட்டின் மேல்தான் தெரு போகிறது. அது இருக்கக்கூடும் என்று முன்கூட்டியே நினைத்து ஆட்களை வைத்திருந்ததால் வேலை நின்றுபோகவில்லை.

பிசகுகளும் உண்டு. லீத் வாக்கில் சைக்கிள் தடத்தைப் பாம்பு நெளிவது போல வளைத்து வளைத்துப் போட்டு ஊர் சிரித்தது. சிரிக்க முடியாதது ஒன்றும் இருக்கிறது. தெருவில் புதைத்த தண்டவாளத்தின் பள்ளம் சைக்கிள் சக்கரத்தைக் கவ்வும் அகலம். நேர்க்கோணத்தில் கடந்தால் ஆபத்தில்லை, சாய்வாகக் கடந்தால் சக்கரம் மாட்டும். 2017-ல் பிரின்சஸ் தெருவின் மேற்கு முனைச் சந்திப்பில் ஒரு மருத்துவ மாணவி அப்படி விழுந்து, பின்னால் வந்த வாகனத்தில் அடிபட்டு இறந்தார். மில்லியன் கணக்குகள் நிறைந்த விவாதத்தில் இந்தப் பள்ளத்தைப் பற்றி ஒரு பக்கம்கூட யாரும் பேசவில்லையே என்று எனக்குக் கோபம்.

ஹார்டி அறிக்கை மேல் என் புகார் இதைவிடப் பெரியது. அறிக்கை நன்றாகத்தான் இருக்கிறது. கவுன்சிலர்களிடம் தெரிந்தே பொய்யான அறிக்கை கொடுப்பவர்களுக்குத் தண்டனை வேண்டும் என்று பரிந்துரைக்கிறது, நியாயமான பேச்சு. ஆனால் எப்போது வந்தது? நீட்டிப்புக்கு நகர மன்றம் 2019-ல் ஒப்புதல் கொடுத்து, கட்டி முடித்து, வண்டி ஓட ஆரம்பித்து மூன்று மாசம் கழித்து. அறிக்கையின் பாடங்களை நீட்டிப்பில் பயன்படுத்தியிருக்க முடியாது. பொறியாளர்கள் தாங்களே கற்றுக்கொண்டார்கள். பிறகு விசாரணை யாருக்காக?

2023 கோடையில் ஒரு வாரம் போயிருந்தேன். பிரின்சஸ் தெருவில் ஏறி, பில்ரிக் தாண்டி, நியூஹேவன் வரை. இறங்கி ஏற வேண்டியதில்லை. கூட்டம் நிரம்பியிருந்தது. முதல் வருஷம் மொத்தம் ஐம்பது லட்சத்தை எட்டாத பயணிகள், 2024-ல் ஒரு கோடியே இருபது லட்சம் அளவுக்குப் போய்விட்டார்கள். வெட்டிப்போட்ட பாதி எவ்வளவு முக்கியமானது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. என் பழைய சந்து மூலையில் இருந்த மளிகைக் கடை இப்போது காபிக் கடை. டிராமால் போனதா, பதினாலு வருஷத்தில் தானாகப் போனதா, சொல்லத் தெரியவில்லை.

அடுத்த பாதைக்கு 2025-ல் ஆலோசனை நடந்தது. வடக்கே கிராண்டனிலிருந்து தெற்கே பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் வரை. வடக்கே பழைய ரயில் தடத்தில் மரங்களை வெட்டலாமா கூடாதா என்று சண்டை, பத்திரிகை முழுக்க அதுதான். எனக்குக் கவலை தெற்குப் பகுதி. அந்தப் பாதை நார்த் பிரிட்ஜ், சவுத் பிரிட்ஜ் வழியாகப் போக வேண்டும். நார்த் பிரிட்ஜில் பல வருஷமாகப் பழுதுபார்ப்பு நடந்திருக்கிறது. சவுத் பிரிட்ஜைப் பார்த்தால் பாலம் என்றே தெரியாது, இரண்டு பக்கமும் கடைகளோடு சாதாரணத் தெரு மாதிரி இருக்கும். 1788-ல் கட்டி முடித்த அந்தப் பாலத்துக்குப் பத்தொன்பது வளைவுகள். வெளியே தெரிவது ஒன்றே ஒன்று. மற்ற பதினெட்டும் கட்டடங்களுக்குப் பின்னால் ஒளிந்து, உள்ளே அறை அறையாக நிலவறைகளாக இருக்கின்றன. ராத்திரியில் பேய்க்கதை சொல்லி டிக்கெட் போட்டுக் கூட்டிப்போகிறார்கள், நானும் போயிருக்கிறேன். ஈரச் சுவர், தலைக்கு மேலே வளைவு, அதற்கு மேலே பஸ் போகிற சத்தம்.